ஒத்தை ஆள் வரிசை

இந்த வரிசைதான் தம்பி, தயங்காம வாங்க. தனியா வர்றவங்களுக்குன்னு போர்டு வச்சிருக்கான்ல, அதைப் படிச்சிட்டு பாதிப் பேரு, ஐயோ நாம குடும்பமா வந்திருக்கோமே, இது நமக்கில்லன்னு அந்தப் பக்கம் போயிடுறான். அந்தப் பக்கத்தைப் பாருங்க. வளைஞ்சு வளைஞ்சு தண்ணித் தொட்டி வரைக்கும் நிக்குது. அதுல பாதி மஞ்சள் டி-ஷர்ட்டு. ஏதோ கம்பெனிக்காரன் மொத்த ஆபீசையும் பொண்டாட்டி பிள்ளையோட பஸ் வச்சுக் கூட்டிட்டு வந்துட்டான் போல. நிக்கட்டும். நமக்கென்ன, நாம பத்து நிமிஷத்துல மேல போயிடுவோம்.

நீங்க தனியாவா வந்தீங்க? ரெண்டு பேரா? வீட்டம்மா எங்க? அதோ, நாலஞ்சு பேரு தள்ளி நிக்கிறாங்களே, பச்சைத் துப்பட்டா, அவங்களா? சபாஷ். கல்யாணமாகி ஆறு மாசம்கூட ஆகலங்கிறீங்க, அதுக்குள்ள இதுக்கு ஒத்துக்கிட்டாங்களே, குடுத்து வச்சவர் நீங்க. நான் என் பொண்டாட்டிக்கு இதைச் சொல்லிப் புரிய வைக்கவே ஒரு வருஷம் ஆச்சு.

இது ஒண்ணும் பெரிய வித்தையில்ல. இந்த ரோலர் கோஸ்டர்ல பெட்டி பெட்டியா இருக்கு பாருங்க, ஒவ்வொரு வரிசைக்கும் ரெண்டு சீட்டு. மூணு பேரா ஒரு குடும்பம் ஏறினா ஒரு சீட்டு காலி விழும். அஞ்சு பேரா ஏறினாலும் ஒண்ணு விழும். அந்த சீட்டு வெறுமனே மேல போயிட்டு வெறுமனே கீழ வர வேணாம்னு நம்மள மாதிரி ஒத்தை ஆளைக் கூப்பிட்டு அதுல சொருகிடுறான். யார் பக்கத்துல உக்காரப்போறோம்னு தெரியாது, அவ்வளவுதான். தெரிஞ்சு என்ன ஆகப்போகுது? கண்ணை மூடிக்கிட்டுக் கத்தப்போறோம். இதுக்கு ஒருத்தர் கையை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு அரை நாள் வெயில்ல காயணுமா? என்னால முடியாது. அம்பத்தூர்ல பம்பு பண்ற ஃபேக்டரியில ஷிஃப்ட் சூப்பர்வைசரா இருந்து ரிடையர் ஆனவன் நான். மெஷின் சும்மா நின்னா எனக்கு வயிறு எரியும். மனுஷன் சும்மா நின்னா அதைவிட எரியும். தெய்வசிகாமணின்னா இன்னைக்கும் அந்த ஷெட்டுல எழுந்து நிப்பானுங்க.

நகருங்க. முன்னாடி இடம் விட்டா நடுவுல எவனாவது பூந்துடுவான்.

என் பொண்டாட்டி பேரு குமுதவல்லி. அவளுக்கு இதெல்லாம் நான்தான் பழக்கினேன். இங்க மட்டும்னு நினைக்காதீங்க. கல்யாண வீட்டுப் பந்தியில பாத்திருப்பீங்களே, சாப்பிடுறவன் முதுகுக்குப் பின்னாடியே நின்னுக்கிட்டு இவன் எப்ப மோருக்கு வருவான், எப்ப இலையை மடிப்பான்னு காத்துக்கிட்டு இருப்பாங்க. எதுக்கு? மொத்தக் குடும்பத்துக்கும் சேர்ந்தாப்புல இலை வேணுமாம். நாங்க அப்படி நின்னதே கிடையாது. எங்க ஒரு இலை காலியோ அங்க நான். வேற எங்க காலியோ அங்க அவ. எங்க பொண்ணு சுபாஷிணி நடுவுல எங்கேயாவது யாராவது பக்கத்துல. முதல் பந்தியில முடிச்சு, தாம்பூலப் பையை வாங்கிக்கிட்டு வாசல்ல சந்திச்சுக்குவோம். ரயிலுக்கும் அதேதான். சேர்ந்தாப்புல மூணு பெர்த்து வேணும்னு நின்னா வெயிட்டிங் லிஸ்ட்டுதான். தனித்தனியா கேட்டா கிடைக்கும். அவ ஒரு கோச்சு, நான் ஒரு கோச்சு, மதுரையில இறங்கி பிளாட்பாரத்துல பாத்துக்குவோம்.

முப்பத்தஞ்சு வருஷம் இப்படித்தான். ஒரு நாள் முகம் சுளிச்சதில்ல, எதிர்த்து ஒரு வார்த்தை சொன்னதில்ல. இப்ப எங்க பாத்தாலும் டைவர்ஸ் டைவர்ஸ்ங்கிறாங்க. எங்க வீட்டுல சண்டைன்னு ஒண்ணு வந்ததே இல்ல தம்பி. உக்காந்து பேசினாத்தானே சண்டை வரும்.

எங்கயா? இங்கதான் இருக்கா. இதுலதான். அந்த வண்டியைத்தான் காட்டுறேன். நீங்க பயப்படாதீங்க, உங்களை ஒண்ணும் பண்ண மாட்டா.

எனக்கு அறுபதாம் கல்யாணம் பண்ணி வச்சாங்க பொண்ணும் மாப்பிள்ளையும். நாலு வருஷம் ஆச்சு. மாலையைப் போட்டு உக்கார வச்சு, திரும்பவும் தாலி கட்டுங்கிறாங்க. புகையில கண்ணு எரியுது, ஐயர் இழுத்துக்கிட்டே போறாரு, சுருக்கா முடிங்கன்னு நான் ரெண்டு தரம் சத்தம் போட்டேன். அது முடிஞ்சு அடுத்த ஞாயித்துக்கிழமை போயிட்டு வாங்கன்னு பொண்ணு இந்தப் பார்க்குக்கு ரெண்டு பாஸ் குடுத்தா. அம்மாவுக்கு ராட்டினம்னா உசிருப்பா, நீயும் அம்மாவும் மட்டும் போங்கன்னா. அவளுக்கு உசிருன்னு எனக்கே அன்னைக்குத்தான் தெரியும். புடவை கட்டிக்கிட்டு ஏற முடியாதுன்னு அரக்குக் கலர்ல ஒரு சுடிதார் வேற வாங்கிக் குடுத்திருந்தா. அந்த வயசுல முதல் தடவையா போட்டுக்கிட்டு வந்தா.

இதே இடத்துலதான் நின்னோம். இந்தக் கம்பியைப் பிடிச்சுக்கிட்டு அந்தப் பெரிய வரிசையையே பாத்துக்கிட்டு இருந்தா. அப்புறம் சொன்னா, "இன்னைக்கு ஒரு நாளாவது பக்கத்துல உக்காந்து போலாமேங்க."

நான் என்ன தப்பா சொல்லிட்டேன்? "அதுல நின்னா பொழுது சாஞ்சுடும். பக்கத்துல உக்காரத்தான் வீட்டுல சோபா இருக்கே"ன்னேன். நியாயம்தானே? அவளும் சரின்னுட்டா. கொஞ்ச நேரம் கழிச்சு வீட்டுச் சாவியை எடுத்து என் கையில வச்சா. "இதை நீங்களே வச்சுக்கங்க"ன்னா. மேல போகும்போது விழுந்துடும்னு அவ்வளவு ஜாக்கிரதை. அப்படிப்பட்டவ தம்பி, ஒரு பொருளைத் தொலைக்க மாட்டா.

எப்பவும் நான்தான் முதல்ல போவேன். அன்னைக்கு ஆபரேட்டர் ஒரு விரலைக் காட்டினதும் என்னைத் தாண்டிக்கிட்டு, "நான் முன்னாடி போறேங்க"ன்னு போயிட்டா. ஒரு காலேஜ் பொண்ணு பக்கத்துல உக்காந்தா. மடி மேல கம்பி இறங்குச்சு, வண்டி நகந்துச்சு. அவ ஏறினதை நான் ரெண்டு கண்ணாலயும் பாத்தேன். இறங்கினதைப் பாக்கல. நானும் பாக்கல, யாரும் பாக்கல.

அடுத்த வண்டியில நான் போயிட்டு அந்தப் பக்கம் இறங்கிப் பாத்தா ஆளைக் காணோம். எனக்குக் காத்துக்கிட்டு நிக்கிறதுன்னா ஆகாது. பாத்ரூம் போயிருப்பா, வந்தா நிக்கட்டும்னு பக்கத்துல இருக்கிற தண்ணி ராட்டினத்துல ஒரு தடவை போயிட்டு வந்தேன். அப்பவும் இல்ல. சரியான கோவம் எனக்கு. சாப்பாட்டுக் கடைப் பக்கம் போயிருப்பாளோன்னு அங்க போனேன். லாக்கர்ல அவ கைப்பையை வச்சிருந்தா, போய்த் திறக்கச் சொன்னேன். பையைக் காணோம். அதையும் எவனோ அடிச்சிட்டான் பாருங்க, ஒரே நாள்ல எவ்வளவு அநியாயம். கேட் மூடுறவரைக்கும் இந்த வண்டிக்குக் கீழயே நின்னேன். ஒவ்வொரு வண்டியா வருது, ஜனங்க சிரிச்சுக்கிட்டு இறங்குறாங்க, அதுல அவ இல்ல. கையும் ஓடல காலும் ஓடல தம்பி.

போட்டோ இருக்கு, காட்டுறேன். மேலேர்ந்து விழுற இடத்துல கேமரா வச்சு எடுக்குறானே, வெளிய டிவியில போட்டு விக்கிறானே, அதுதான். இதுல முன்னாடி இருக்கிறதுதான் குமுதவல்லி. ரெண்டு கையையும் தூக்கிக்கிட்டு, வாயைத் திறந்து, பாருங்க. எப்படிப் பயந்து கத்துறா பாருங்க. அந்த நேரத்துல ஏதோ நடந்திருக்கு.

சிரிக்கிறாளா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க. எல்லாரும் இதையேதான் சொல்றீங்க. என் பொண்டாட்டி சிரிச்சா எப்படி இருக்கும்னு உங்களுக்குத் தெரியுமா, எனக்குத் தெரியுமா? அவ இப்படிச் சிரிச்சு நான் பாத்ததே இல்லையே. குடுங்க போட்டோவை, கசங்கிடும்.

போலீசுக்குப் போகாம இருப்பேனா? போனேன். அந்த இன்ஸ்பெக்டர் முதல்ல கேட்டதே, வீட்டுல ஏதாச்சும் பிரச்சினையா சார்னு. எனக்கு வந்துச்சே கோவம். பத்து நாள் கழிச்சுக் கூப்பிட்டு விட்டாரு. போனா டீ வாங்கிக் குடுக்குறாரு. "அம்மா நேர்ல வந்து சொல்லிட்டாங்க சார். நல்லாத்தான் இருக்காங்க. எங்க இருக்காங்கன்னு உங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டாங்க. விட்டுடுங்க"ங்கிறாரு. எப்படி ஜோடிக்கிறாங்க பாத்தீங்களா? பார்க்குக்காரன் பணம் குடுத்திருப்பான். அவன் வண்டியில ஏறின பொம்பளை இறங்கலன்னு வெளிய தெரிஞ்சா எவன் வருவான் இங்க? பொண்ணுகிட்ட வந்து சொன்னா அவளும் தரையைப் பாத்துக்கிட்டு, "விடுப்பா"ங்கிறா. பெத்தவளைக் காணோம், விடுப்பாங்கிறா. ஒரு சொட்டுக் கண்ணீர் விடல அவ. அந்த வருத்தம் எனக்கு இன்னும் தீரல.

ஏன் தம்பி பின்னாடி நிக்கிறவனையெல்லாம் முன்னாடி விடுறீங்க? வீட்டம்மா பக்கத்துல வரணும்னா? அட, இது ஒத்தை வரிசை, பக்கத்துல வந்து என்ன பண்ணப்போறாங்க? சரி விடுங்க, அவங்க நம்மளத் தாண்டிப் போகட்டும். வாம்மா. சாருக்கு என் கதையைச் சொல்லிக்கிட்டு இருக்கேன், நீயும் கேளு.

அவ போயி ஒரு மாசம் இருக்கும். திரும்ப வந்தேன். என்ன ஆச்சுன்னு நானே பாத்துடலாம்னு இதே வரிசையில நின்னு ஏறினேன். அன்னைக்குக் கூட்டமே இல்ல, என் பக்கத்து சீட்டுக்கு ஆளே வரல. கம்பி இறங்குச்சு. சீட்டு காலியா இருந்தா அந்தக் கம்பி அடி வரைக்கும் போயிடும் தெரியுமா? அன்னைக்குப் போகல. பாதியில நின்னுடுச்சு. யார் தொடை மேலயோ படிஞ்ச மாதிரி. மேல போகப் போக தைல வாசனை வருது. அவளுக்கு எப்பவும் தலைவலி, நெத்தியில தைலம் தடவிக்கிட்டேதான் இருப்பா. திரும்பிப் பாக்க தைரியம் வரல. "குமுதா"ன்னு மட்டும் கூப்பிட்டேன். அப்பதான் வண்டி விழுந்துச்சு.

அதுலேர்ந்து வருஷ பாஸ் எடுத்துட்டேன். வாரா வாரம் வர்றேன். சில நாள் படியில நிப்பா, சில நாள் முன்னாடி பெட்டியில அவ பின்னந்தலை தெரியும். அதே அரக்கு சுடிதார். பேச மாட்டா. உயிரோட இருந்தப்பவே பேசாதவ. வீட்டுலயும் வர்றா. சோபாவுல நான் ஒரு ஓரத்துல உக்காந்தா இன்னொரு ஓரம் அழுந்தும். முதல்ல பயந்தேன், பொய் சொல்ல மாட்டேன். விளக்கெல்லாம் போட்டுக்கிட்டுத்தான் படுப்பேன். இப்ப பழகிடுச்சு. இப்ப அவ வரலன்னாத்தான் பயமா இருக்கு.

ஒவ்வொரு தடவையும் பக்கத்துல நிக்கிறவங்களைக் கேட்டுடுவேன். அதோ அந்தப் படியில ஒரு அம்மா நிக்கிறாங்களே, தெரியுதான்னு. இல்லையே சார்ங்கிறாங்க. போன வாரம் இருந்த ஆபரேட்டர் பொண்ணையும் கேட்டேன், யாருமே இல்லீங்க அங்கிள்ன்னா. அப்ப மனசுக்குள்ள ஒரு நிம்மதி வரும் பாருங்க, அதைச் சொல்லிப் புரிய வைக்க முடியாது. என் கண்ணுக்கு மட்டும்தானே தெரியுறா. அப்ப அவ என்னை விட்டு எங்கயும் போகல. எனக்காக இங்கயே இருக்கா. அந்த இன்ஸ்பெக்டர் சொன்னது பொய். அவ்வளவுதானே அர்த்தம்?

புதன்கிழமை பொண்ணு போன் பண்ணினா. வர்ற ஞாயித்துக்கிழமை வீட்டுக்கு வராதேப்பா, அவர் ஆபீஸ்ல ஏதோ குடும்ப விழா, எல்லாரும் வெளிய போறோம்னா. சரிம்மான்னேன். அப்புறம், அந்தப் பார்க்குக்கும் இந்த ஒரு வாரம் மட்டும் போகாதேப்பா, வெயில் அதிகமா இருக்கு, உனக்கு பிரஷர் வேறங்கிறா. ரெண்டு தரம் சொன்னா. பாசம் இருக்கு தம்பி அவளுக்கு, வெளிய காட்ட மாட்டா. சரின்னு சொல்லிட்டு வந்துட்டேன். பாவம் குமுதா ஒரு வாரம் பூரா இங்க தனியா இருப்பாளே, வராம எப்படி இருக்கிறது?

வாங்க, மேடைக்கு வந்தாச்சு. இங்க நில்லுங்க, இந்த மஞ்சக் கோட்டுக்குப் பின்னாடி. அந்தப் பெரிய வரிசையும் இங்கதான் வந்து சேரும், நடுவுல இந்தச் சங்கிலி மட்டும்தான். அடுத்த ஒத்தை ஆள் நான். எனக்கு அப்புறம் நீங்க, அப்புறம் வீட்டம்மா.

தம்பி, இருங்க.

அது என் மாப்பிள்ளை. அந்த உயரமானவன், மஞ்சள் டி-ஷர்ட்டு. பக்கத்துல என் பொண்ணு சுபாதான். சுபாவேதான். முன்னாடி குதிச்சுக்கிட்டு வர்றது பேத்தி, மிருதுளா. ஆபீஸ் விழான்னாளே, அது இங்கதானா? வெயில் அதிகம், வராதேன்னு என்கிட்ட சொல்லிட்டு இவங்க குழந்தையைக் கூட்டிக்கிட்டு இங்க வந்திருக்காங்களா?

கூப்பிடட்டுமா? வேணாம், இருங்க, சத்தம் போடாதீங்க. மூணு பேரு. மூணு பேருன்னா ஒரு சீட்டு காலி விழும், அடுத்த ஆள் நான்தான். புரியுதா உங்களுக்கு? மிருதுளா பக்கத்துல நான் உக்காரப்போறேன். திடீர்னு தாத்தாவைப் பாத்தா எப்படிக் கத்தப்போறா பாருங்க. சட்டையை இழுத்து விட்டுக்கிறேன். அதோ, ஆபரேட்டர் எத்தனை பேருன்னு கேக்குறான் பாருங்க.

சுபா என்ன நாலு விரலைக் காட்டுறா?

மூணு பேருதானே. தப்பா காட்டுறா.

ஓ. வந்துட்டா. தூணுக்குப் பின்னாடிலேர்ந்து வர்றா பாருங்க. நான் சொன்னேன்ல, என் குமுதா, அவதான். ஆனா இன்னைக்கு அரக்கு சுடிதார் இல்ல. அவளும் மஞ்சள் டி-ஷர்ட்டுல வர்றா. முடியை வேற கழுத்து வரைக்கும் வெட்டிக்கிட்டு. ஒரு நாளும் இப்படி வந்ததில்ல.

பேசுறா தம்பி. இத்தனை நாள் பேசினதில்ல. குழந்தைகிட்ட குனிஞ்சு, "நீ என் பக்கத்துல"ங்கிறா. அவ குரலேதான். மாப்பிள்ளையும் சுபாவும் ஒரு வரிசை. இவளும் மிருதுளாவும் ஒரு வரிசை. ஆபரேட்டர் என்னைப் பாத்துக் கையை ஆட்டுறான், இந்த வண்டியில இடம் இல்லையாம். எப்படி இல்லாம போகும்? கம்பியை இறக்குறான். குழந்தை அவ கையைப் பிடிச்சுக்கிச்சு. அவ சிரிக்கிறா. வாயைத் திறந்துக்கிட்டு, அந்தப் போட்டோவுல இருக்கிற மாதிரியே.

தம்பி, நீங்க ஏன் அங்கயே பாக்குறீங்க? ஏம்மா, நீ ஏன் வாயைப் பொத்திக்கிட்டு நிக்கிற? எதைப் பாக்குறீங்க ரெண்டு பேரும்?

அந்தக் குழந்தை பக்கத்துல சீட்டு காலியாத்தானே இருக்கு. என் கண்ணைப் பாத்துச் சொல்லுங்க தம்பி. அங்க யாருமே இல்ல சார்னு சொல்லுங்க. எல்லாரும் சொல்றதுதானே, ஒரே ஒரு தடவை நீங்களும் சொல்லிடுங்க.